அளவு மாறிய டயரும் அறிவு மயங்கும் கணிப்பொறியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நேரான, உலர்ந்த சாலையில் செல்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். சீறிப் பாய வேண்டிய வண்டி தயங்குகிறது. எஞ்சினின் குரல் கம்முகிறது. முன்பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று மின்னி மறைகிறது. எஞ்சினில் பழுது இல்லை. பெட்ரோலிலும் குறை இல்லை. பின் சக்கரங்களில் புதிதாக மாட்டிய டயர்கள் முன்பிருந்தவற்றைவிட உயரத்தில் மூன்று சென்டிமீட்டர் குறைந்தவை. குற்றம் அவ்வளவே!

மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் ஒரு காரின் மூளையே குழம்புமா என்று கேட்கத் தோன்றும். குழம்பும். அது எவ்வாறு என்பதை நாம் வகுப்பில் படித்த இயற்பியலைக் கொண்டே விளக்க முற்படுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

இழுவை என்பது யாது?

கார் ஓடுவது எஞ்சினால் என்கிறோம். ஆனால் உண்மையில் காரை முன்னே தள்ளுவது சாலைதான். டயர் சாலையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சாலை டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது உராய்வு. உராய்வு இல்லையேல் எஞ்சினின் ஆற்றல் முழுவதும் வீணே. சேற்றில் சிக்கிய லாரியின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம் அன்றோ?

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ரப்பர் டயர் விசையைக் கொடுக்கும்போது சிறிதளவு நழுவத்தான் செய்கிறது. சக்கரத்தின் விளிம்பு வேகம் காரின் வேகத்தைவிட எத்தனை சதவீதம் மிகுதி என்பதையே நழுவல் என்கிறோம். நழுவல் கூடக்கூட முதலில் பிடிப்பும் கூடுகிறது. பொதுவாக 10 முதல் 20 சதவீதத்திற்குள் அது உச்சத்தை அடைகிறது. அதற்கு மேல் நழுவினால் பிடிப்பு குறையத் தொடங்கும். பின்சக்கரங்களால் ஓடும் காரில் இந்த எல்லையைத் தாண்டினால் பின்பகுதி பக்கவாட்டில் வீசப்பட்டுக் கார் சுழன்றுவிடக் கூடும். அந்த எல்லைக்குள் சக்கரத்தை நிறுத்தி வைக்கும் காவலாளியே இழுவைக் கட்டுப்பாடு எனும் அமைப்பு.

அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் 1971-இலேயே மாக்ஸ்ட்ராக் என்ற பெயரில் இத்தகைய அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1978-இல் சக்கரப் பூட்டைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கையும், அதே உணர்கருவிகளைப் பயன்படுத்தி 1986-இல் இழுவைக் கட்டுப்பாட்டையும் அளித்தது. 1992 முதல் அமெரிக்காவின் புகழ்பெற்ற கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இது எல்லா வண்டிகளுக்கும் பொருத்தப்பட்டது.

கணிப்பொறிக்குக் கண் இல்லை

காவலாளிக்குச் சக்கரம் நழுவுவது எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு சக்கரத்தின் அச்சருகிலும் பல் வைத்த ஓர் இரும்பு வளையமும், அதன் எதிரே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட உணர்கருவி ஒன்றும் உள்ளன. பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் வேறு வகை உணர்கருவிகள் வந்துவிட்டாலும் வேலை ஒன்றுதான்: பற்களை எண்ணுவது.

ஆக, கணிப்பொறிக்குத் தெரிவது சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமே. டயரை அது காண்பதில்லை; சாலையையும் காண்பதில்லை. 'இந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கு இத்தனை மீட்டர் போகும்' என்று தொழிற்சாலையில் எழுதி வைத்த ஓர் எண்ணால் சுற்றுகளைப் பெருக்கி வேகத்தைக் கணிக்கிறது. எஞ்சினோடு இணையாத முன்சக்கரங்களின் வேகத்தைக் காரின் வேகமாகக் கொள்கிறது. பின்சக்கரங்களின் வேகம் அதைவிட மிகுந்தால், 'நழுவுகிறது' என்று முடிவு செய்கிறது. உடனே எஞ்சினின் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். காற்று வழியைச் சிறிது மூடும். தேவையானால் பின் பிரேக்கையும் பிடிக்கும்.

அந்த எண் பொய்யானால் முடிவும் பொய்யாகும்.

ஒரு கணக்கு

1997-இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். 345 குதிரைத் திறன் கொண்ட இந்தக் கார் பின்சக்கரங்களால் ஓடுவது. அதன் முன் டயரின் அளவு 245/45 ஆர் 17. பின் டயரின் அளவு 275/40 ஆர் 18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாம் எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

முன் டயர்: 245-இல் 45 சதவீதம் 110.25 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர்கள், 220.5 மி.மீ. 17 அங்குல ரிம் 431.8 மி.மீ. மொத்த விட்டம் 652.3 மி.மீ. இதே முறையில் பின் டயரின் விட்டம் 677.2 மி.மீ. ஆகப் பின் டயர் சுமார் 3.8 சதவீதம் பெரியது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 813 முறையும், பின்சக்கரம் 783 முறையும் சுற்றும். (சுமையால் டயர் சற்று அமுங்குவதைக் கணக்கில் கொள்ளவில்லை.)

முன்னும் பின்னும் வெவ்வேறு அளவாக இருப்பதே தவறு என்று எண்ணிவிடக் கூடாது. முடுக்கத்தின்போது எடை பின்னோக்கிச் சாய்வதால், பின்னே அகன்ற டயரை வடிவமைத்தவர்களே வேண்டுமென்று வைத்தார்கள். அந்த வேறுபாடு கணிப்பொறிக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லப்படாத வேறுபாடுதான் தொல்லை.

இனி, ஒருவர் இன்னும் அகலமான டயர் வேண்டுமென்று பின்னே 315/30 ஆர் 18 மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அகலம் கூடியது, ஆனால் பக்கச்சுவர் குறைந்தது. விட்டம் 646.2 மி.மீ. மட்டுமே. அதே 100 கி.மீ. வேகத்தில் இது நிமிடத்திற்கு 821 முறை சுற்றும். கணிப்பொறியோ பழைய எண்ணால் பெருக்குகிறது, பின்சக்கரம் 104.8 கி.மீ. வேகத்தில் சுற்றுவதாக எண்ணுகிறது. ஒரு துளியும் நழுவாத சக்கரத்தில் 4.8 சதவீத நழுவல்!

காவலாளி விழிக்கும் எல்லை 8 சதவீதம் என்று உதாரணத்திற்குக் கொள்வோம். உண்மையான நழுவல் 4 சதவீதமாக இருக்கும்போதே அது 9 சதவீதமாகத் தெரியும். தேவையற்ற இடத்தில் எஞ்சின் அடக்கப்படும். தொடக்கத்தில் கூறிய கார் தயங்கியது இதனால்தான்.

ஆபத்து வேறிடத்தில்

தயங்கும் காரால் எரிச்சல்தான் மிகும். உயிருக்குக் கேடு குறைவு. இதற்கு நேர்மாறான நிலையே அஞ்சத்தக்கது. பின்னே 275/45 ஆர் 18 என்ற சற்று உயரமான டயரை மாட்டினால் விட்டம் 704.7 மி.மீ. ஆகும். சக்கரம் மெதுவாகச் சுற்றும். 100 கி.மீ. வேகத்தைக் கணிப்பொறி 96.1 என்று படிக்கும். இப்போது சக்கரம் உண்மையில் 10 சதவீதம் நழுவினாலும் கணிப்பொறிக்கு 5.7 சதவீதமாகவே தெரியும். 8 சதவீத எல்லையை அது உணரும்போது உண்மை நழுவல் 12 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். மழை நனைத்த வளைவில் அந்தத் தாமதமே போதும். விளக்கும் மின்னாது, எச்சரிக்கையும் வராது. காவலாளி உறங்குவது ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது.

இடமும் வலமும்

முன்பின் வேறுபாட்டை விட்டு, ஒரே அச்சில் உள்ள இரு டயர்களைப் பார்ப்போம். ஒரு சோதனை செய்யலாம். வாய் அகன்று அடி குறுகிய எவர்சில்வர் டம்ளரைத் தரையில் உருட்டுங்கள். நேராக ஓடாது, வட்டமாகவே சுற்றும். பெரிய விளிம்பும் சிறிய விளிம்பும் ஒன்றாகவே சுற்ற வேண்டியிருப்பதால் வரும் விளைவு இது. காரில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற டிஃபரன்ஷியல் இடம் தருகிறது. எனினும் ஸ்போர்ட்ஸ் காரின் டிஃபரன்ஷியல் அந்த வேறுபாட்டை ஓரளவே அனுமதிக்கும் வகையைச் சேர்ந்தது. வளைவில் மட்டும் உழைக்க வேண்டிய அது, அளவு மாறிய டயர்களோடு நேர்ச்சாலையிலும் ஓயாமல் உழைத்துச் சூடேறித் தேயும்.

கணிப்பொறி என்ன நினைக்கும்? ஒரு டயர் புதியது, மற்றது தேய்ந்தது; சுற்றளவில் 1 சதவீதம் வேறுபாடு என்போம். வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும். இரு சக்கரங்களின் இடைவெளியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வருவதே அந்த வேக வேறுபாடு. இக்காரின் பின்சக்கர இடைவெளி சுமார் 1.58 மீட்டர். ஆகவே 1 சதவீத வேறுபாடு 158 மீட்டர் ஆரமுள்ள வளைவைக் குறிக்கும். 100 கி.மீ. வேகத்தில் அந்த வளைவில் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பாதி! கார் நேரே செல்கிறது. சக்கரங்களோ, கடும் வளைவில் செல்வதாகச் சொல்கின்றன.

1998-இல் கார்வெட்டில் விருப்பத்தின்பேரில் கிடைத்து, 2001-இல் எல்லாக் கார்களுக்கும் வந்த நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஸ்டியரிங் கோணத்தையும் வண்டியின் சுழற்சியையும் அளக்கும் கருவிகளும் உண்டு. சாட்சிகள் முரண்படும்போது எதை நம்புவது என்ற சிக்கல் அங்கே எழுகிறது. நவீன அமைப்புகள் நேர்ச்சாலையில் சீராகச் செல்லும்போது சிறு வேறுபாடுகளைத் தாமே கற்றுத் திருத்திக்கொள்கின்றன. அளவு மீறிய வேறுபாட்டை அவற்றாலும் திருத்த இயலாது.

நான்கு சக்கரங்களாலும் ஓடும் கார்களில் இத்தொல்லை இன்னும் மிகுதி. 1989-இல் வந்த ஜப்பானின் நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரில் நான்கு டயர்களும் 225/50 ஆர் 16 என்ற ஒரே அளவு. பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால், கிளட்ச் ஒன்றின் வழியே விசையை முன்சக்கரங்களுக்கு அனுப்புவது அதன் ஏற்பாடு. பின் டயர்கள் மட்டும் அதிகம் தேய்ந்தால், தேவையின்றியே கிளட்ச் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

இது நமக்கு எதற்கு?

கார்வெட் நம் ஊர்ச் சாலைகளில் ஓடுவதில்லையே என்று நண்பர்கள் கேட்கலாம். இயற்பியல் விதிக்கு ஊர் பேதம் கிடையாது. என் தந்தையார் லாரி ஓட்டுநர். பள்ளிக்கூட வாசலை அதிகம் அறியாதவர். லாரியின் பின்னே இரட்டையாகப் பூட்டும் டயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டையும் சுற்றிக் கயிறு பிடித்து அளந்து, சமமாக இருந்தால்தான் ஒன்றாகப் பூட்டுவார். பெரியது சுமையைத் தாங்கிச் சூடேறும், சிறியது இழுபட்டுத் தேயும் என்பது அவர் கூறும் காரணம். சுற்றளவு, விட்டம், நழுவல் என்று நான் இங்கே எழுதிய கணக்கின் பொருளை அவர் கயிற்றிலேயே கண்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கடமை உண்டென்று நினைக்கிறேன். கயிற்றால் அளக்க முடியாத கணிப்பொறி இப்போது வண்டிக்குள் வந்துவிட்டது. அதற்குள் நடப்பதை அவரைப் போன்றவர்களுக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்வதே அக்கடமை.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. விலை கூடிய சில வண்டிகளில் இழுவைக் கட்டுப்பாடும் உண்டு. இவையும் பல் எண்ணும் கருவிகளே. அழகுக்காகப் பின்னே அகன்ற டயர் மாட்டும் மாணவ நண்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை சில. டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களைப் படியுங்கள். அகலம் மாறினால் விட்டத்தைக் கணக்கிடுங்கள். காகிதமும் பென்சிலும் இருந்தால் இரண்டு நிமிட வேலை. ஒரே அச்சின் டயர்களை இணையாகவே மாற்றுங்கள். காற்றழுத்தத்தைச் சமமாக வையுங்கள். காற்று குறைந்த டயரும் சிறிய டயரைப் போலவே வேகமாகச் சுற்றும். வேறு அளவு தவிர்க்க முடியாததானால், கணிப்பொறியில் உள்ள எண்ணையும் அறிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள். விளக்கு மின்னுகிறதே என்று இழுவைக் கட்டுப்பாட்டின் பொத்தானை அணைத்துவிடுவது தீர்வாகாது. நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பது போன்றது அது.

கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், நாம் தரும் அளவை வைத்தே அது முடிவெடுக்கிறது. டயர் கடையில் விலையைக் கேட்கும் முன் அளவைக் கேட்போம்.