தட்டாத பொம்மை

கூட்டாளி வராத நாளிலும் பயிற்சி நிற்க வேண்டாம் என்று சொல்லித்தான் ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டைக் கலைக்கான டம்மிகளை விற்கிறார்கள். வினைல் உறைக்குள் துணியை அடைத்து, முட்டி போட்டோ மல்லாந்தோ இருக்கும்படி தைத்த ஆளுருவம் அது. 2020 பொதுமுடக்கத்தில் யாரையும் தொட முடியாதபோது பலருக்கு அதுவே துணையானது. அதன் வயிற்றில் முழங்காலை ஊன்றலாம், பக்கம் மாறிச் சுழலலாம், கையைப் பிடித்து ஆர்ம்பார் எனும் முழங்கைப் பூட்டுக்குச் சாயலாம். உடல் வணங்கவும் மூச்சு நிலைக்கவும் இது உதவும். ஆனால், முக்கோணப் பிடியில் கழுத்து சிக்கிய மனிதன் சும்மா கிடப்பதில்லை. நிமிரப் பார்ப்பான், கையை உருவுவான், நம்மை மடக்கி மேலே சாய்வான். அவன் எடை எந்தப் பக்கம் போகிறது என்பதை உடம்பால் உணர்ந்து பிடியை மாற்றுவதுதான் இந்தக் கலையில் பாதி. அது பொம்மையிடம் கிடைக்காது.

எதிர்க்கும் ஆளிடம் பழகுவது இந்தக் கலையின் வேரிலேயே உண்டு. இதன் மூலமான ஜப்பானின் பழைய ஜுஜுட்சுப் பள்ளிகள் பலவற்றில் முன்பே வகுத்த அசைவுகளுக்கே முதலிடம். 1882-இல் டோக்கியோவில் கொடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான உத்திகளை மோதல் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டு, மீதியை எதிர்த்து நிற்கும் ஆளிடம் தாராளமாகப் பழகவைத்தார். அங்கே பயின்று 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்த மித்சுயோ மயேடா கொண்டுசென்றதும், அந்நாட்டின் கிரேசி குடும்பத்தார் பின்னர் ஜியு-ஜிட்சுவாக வளர்த்ததும் அந்த வழியில் வந்த கலைதான்.

என் பெரிய கவலை வேறு. வலி எல்லை தொடும்போது எதிராளி கையால் தட்டுவான். தட்டியதும் விட்டுவிட வேண்டும். முழங்கை முறியாமல் இரண்டு பேர் தினமும் மோத முடிவது இந்த ஒரு வழக்கத்தால்தான். பொம்மை தட்டாது. எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தனியறையில் மாதக்கணக்கில் அப்படி இழுத்துப் பழகிய இளைஞன், முதல் நாள் பயிற்சி விரிப்பில் இன்னொரு பிள்ளையின் கையைப் பிடிக்கும்போது எங்கே நிறுத்துவான்? குதிகால் திருகல் போன்ற பிடிகளில் வலி தெரிவதற்குள் முழங்கால் தசைநார் அறுந்துவிடலாம். அங்கே அரை நொடித் தாமதமே பெரிது. மல்யுத்த வீரர்கள் காலங்காலமாக டம்மியைத் தூக்கி எறிகிறார்களே என்று கேட்பார்கள். எறியும் பயிற்சிக்கு அது சரி, துணைவனின் முதுகைக் காக்கிறது. ஆனால் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் மூட்டுப் பூட்டுக்கு இடமே இல்லை, தட்டுவதும் இல்லை.

ஆகவே, வாங்குவதானால் எறிவதற்கும் நிலை மாற்றங்களுக்கும் டம்மியை வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுகளையும் கழுத்து நெரிப்புகளையும் பயிற்றுநர் கண்முன், தட்டத் தெரிந்த மனிதரிடம் மட்டும் பழகுங்கள்.