வால்வு கசிந்தால் வண்டி ஏறாது

சமதளத்தில் ஒழுங்காக ஓடும் பழைய பெட்ரோல் வண்டி, ஏற்றம் வந்ததும் இழுக்க மறுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்புரேட்டரை அல்ல, வால்வை. ஐடிலிங்கில் சீரான இடைவெளியில் ஒரு மிஸ்ஸிங், காலையில் ஸ்டார்ட் ஆக அடம், சைலன்சரில் 'புஸ் புஸ்' என்ற ஓசை ஆகியவை சேர்ந்து வந்தால் சந்தேகம் வலுக்கும். பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை நீளும் எல்லைப் பகுதியில் இந்தக் கோளாறு இரண்டு வண்டிகளோடு இணைந்தது. வாளையாறு, சித்தூர்ச் சாலைகளில் டாக்சியாக உழைத்த அம்பாசிடர் ஒன்று. மற்றது, வில்லிஸ் உரிமத்தில் மஹிந்திரா தயாரித்த பெட்ரோல் ஜீப். போடிமெட்டு, சூரியநெல்லி, கொழுக்குமலைத் தடங்களில் இன்று ஓடும் ஜீப்புகள் பெரும்பாலும் டீசல்தான். பெட்ரோல் எஞ்சினை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் பழைய வண்டிப் பிரியர்கள்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகள்: இன்லெட் வழியே பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும், எக்ஸாஸ்ட் வழியே புகை வெளியேறும். பிஸ்டன் காற்றை அழுத்தும்போது இரண்டும் இறுக மூடியிருக்க வேண்டும். மூடுவது என்பது, பெரும்பாலும் 45 பாகையில் சரித்துக் கடைந்த வால்வின் விளிம்பு, அதே சரிவுள்ள சீட் மீது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு உட்காருவது, அவ்வளவுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். அதிலும் எக்ஸாஸ்ட் வால்வு லோடில் 700 டிகிரி செல்சியசைத் தொடும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி மூடியிருக்கும் சிறு பொழுதில் சீட் வழியாகத்தான் இறங்குகிறது. சீட்டில் சரியாக உட்காராத வால்வு ஆறுவதில்லை. ஆறாத விளிம்பு கருகும், கருகிய இடத்தில் கசிவு கூடும், கசியும் நெருப்பு இன்னும் கருக்கும்.

இதற்கு, வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டின் இறுக்கமே முக்கியக் காரணம். சீட் தேயத் தேய வால்வு உள்ளே அமிழ்கிறது. டேப்பட் இடைவெளி குறைகிறது. 'டிக் டிக்' சத்தம் அடங்குகிறது. வண்டி அமைதியாகிவிட்டது என்று உரிமையாளர் மகிழும் நேரத்தில் வால்வு முழுதாக மூடாமல் வெந்துகொண்டிருக்கும். சத்தம் போடும் டேப்பட்டைவிடச் சத்தமில்லாத டேப்பட்டுக்கே அஞ்ச வேண்டும்.

மலை தன் பங்குக்குச் சேர்க்கிறது. இரண்டாம் கியரில் நெடுநேரம் ஏறுவது எக்ஸாஸ்ட் வால்வைச் சுட வைக்கும். மூணாறு போல 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. சமதளத்துக்கு டியூன் செய்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை மிகுதியாகக் கொடுப்பதால் கரி படியும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு கியரில் இறங்கும்போது உண்டாகும் வெற்றிடம், வால்வுத் தண்டைத் தாங்கும் கைடு தேய்ந்திருந்தால் அதன் வழியே எஞ்சின் ஆயிலை உறிஞ்சி இன்லெட் வால்வின் முதுகில் கரியாக்கும். இவற்றோடு எரிபொருளும் மாறிவிட்டது. பழைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் சீட்டுக்கு மெல்லிய காப்பாக இருந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சினில் சீட், ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே நேரடியாகக் கடையப்பட்டது என்பதால் தேய்மானம் அங்கே விரைவு.

ஹெட்டைக் கழற்றுமுன் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பது நல்லது. சூடான எஞ்சினில் பிளக்குகளை எல்லாம் கழற்றி, த்ராட்டிலை முழுதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி அளக்கலாம். அளவு ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்தால் கேஸ்கெட்டையும் சந்தேகிக்கலாம்.

வேலையில் இரண்டு எஞ்சின்களும் வேறுபடுகின்றன. அம்பாசிடரில் எட்டு வால்வும் ஹெட்டில் இருக்கின்றன. ஹெட்டை இறக்கினால் எல்லாம் கைக்கு வந்துவிடும். ஜீப்பின் 'ஹரிகேன்' எஞ்சினில் இன்லெட் மட்டும் ஹெட்டில். எக்ஸாஸ்ட் நான்கும் பிளாக்கில். அதனால் எக்ஸாஸ்ட் சீட்டை வண்டியிலேயே குனிந்து தேய்க்க வேண்டும். அதற்கு முன் வால்வு அறையின் அடியிலுள்ள ஆயில் துளைகளைத் துணியால் அடைப்பது கட்டாயம். ஸ்ப்ரிங் லாக் ஒன்று தவறி விழுந்தால் ஆயில் சம்பையே இறக்க நேரும்.

விளிம்பு கருகிய, தண்டு வளைந்த வால்வைத் தூக்கிப் போட வேண்டியதுதான். லேசான குழிகளை லேத்தில் கிரைண்டிங் செய்து எடுக்கலாம். கைடு ஆடினால் முதலில் அதை மாற்ற வேண்டும், ஏனென்றால் ஆடும் கைடில் எவ்வளவு தேய்த்தாலும் சீட் வட்டமாக அமையாது. பிறகு லேப்பிங்: விளிம்பில் பேஸ்ட் தடவி, உறிஞ்சுகுச்சியால் உள்ளங்கைகளுக்கிடையே முன்னும் பின்னும் உருட்டி, அவ்வப்போது தூக்கித் திருப்பி வைத்துத் தேய்ப்பது. முதலில் கரடு பேஸ்ட், பிறகு நைஸ். சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் தேய்த்தால் வளையம் அகன்று கரி தங்கும். பேஸ்ட் துளிகூட சிலிண்டருக்குள் போகக் கூடாது. போர்ட் மேலே பார்க்கும்படி ஹெட்டைச் சாய்த்து, அதில் பெட்ரோல் ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் கசிவு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சீட் மிகவும் அமிழ்ந்திருந்தால் லேப்பிங் போதாது; கடினமாக்கிய சீட் ரிங் பதிக்க வேண்டும். ஈயமில்லாப் பெட்ரோலுக்கும் அதுவே நிலையான தீர்வு.

கடைசி வேலை டேப்பட். அம்பாசிடரில் இடைவெளி ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர். வரிசை எண்கள் கூட்டி ஒன்பது வர வேண்டும் என்பது அதன் வாய்ப்பாடு: எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதை வைப்பது, ஆறு திறந்திருக்கும்போது மூன்றாவதை. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் ஆறியிருக்கையில் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கினால் ஹெட் சற்று அமர்ந்து இடைவெளி குறையும். ஆகவே அம்பாசிடரில் எட்டையும் திரும்ப அளக்க வேண்டும்; ஜீப்பில் ஹெட்டோடு சேர்ந்த இன்லெட் நான்கை அளந்தால் போதும்.