கணிப்பொறியின் மொழிபெயர்ப்பாளர்

ஊர் மொழி அறியாத ஒருவரிடம் நாம் பேச வேண்டுமானால் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் தேர்ந்தவராக இருந்தால் நாம் சொன்னது சொன்னபடி போய்ச் சேரும். இல்லையேல், நாம் ஒன்று சொல்ல அவர் வேறொன்று சொல்லி வைப்பார். கணிப்பொறியிடம் வேலை வாங்கும்போதும் இதே நிலைதான். இதை நான் அறிந்துகொண்டது ஒரு மிளகுக் கணக்கினால்.

எங்கள் அரியூர் நாட்டில் மிளகு காய்ந்து மூட்டை கட்டும் காலம். எங்கள் வீடும் சித்தப்பா வீடும் சேர்ந்து 157 கிலோ மிளகு எடுத்திருந்தோம். "பாப்பா, ஆளுக்குப் பாதின்னா எவ்வளவுன்னு உன் கம்ப்யூட்டர்ல போட்டுச் சொல்லு" என்றார் அப்பா. பைத்தான் மொழியில் பிரிண்ட்(157/2) என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அக்காவின் பழைய மடிக்கணினி 78 என்று காட்டியது. அப்பா சிரித்துவிட்டு, "எழுபத்தெட்டரை அல்லவா? அரைக் கிலோவை யார் தின்றது?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் பள்ளிக் கணிப்பொறியில் அதே வரியை இட்டேன். அது 78.5 என்றது!

வரி ஒன்று, விடை இரண்டு. ஏன்?

நாம் நிரல் எழுதும் எடிட்டர் என்பது வெறும் எழுதுபலகை. அதற்குக் கணக்குத் தெரியாது. எழுதியதைப் படித்து நிறைவேற்றுவது இண்டர்பிரட்டர் என்னும் வேறொரு மென்பொருள். அதுவே நம் மொழிபெயர்ப்பாளர். ஒரே கணிப்பொறியில் இவர்கள் இருவர் மூவர் இருக்கக்கூடும். யாரை அழைப்பது என்று நாம் சொல்லாவிட்டால், எடிட்டர் தானாக ஒருவரை அழைத்துக்கொள்ளும்.

பைத்தான் மொழியை நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு வந்தது. பழைய குறைகளை நீக்குவதற்காக மொழியின் சில விதிகளையே அதில் மாற்றிவிட்டனர். இரண்டாம் பதிப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் கழிந்துவிடும்; மூன்றாம் பதிப்பில் பின்னம் நிற்கும். எங்கள் அரைக் கிலோ போன வழி இதுதான். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிந்தது. ஆயினும் பழைய கணிப்பொறிகளில் அது இன்னும் குடியிருக்கிறது. 2019-20 கல்வியாண்டு முதல் நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் கற்பிப்பதோ மூன்றாம் பதிப்பை!

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 'அரியூர்' என்னும் சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். யு.டி.எஃப்-8 முறையில் சேமித்த கோப்பில், இரண்டாம் பதிப்பு 21 என்னும். அது பைட்டுகளை எண்ணுகிறது. மூன்றாம் பதிப்பு 7 என்னும். அது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. ரகரத்தை ஒன்றாகவும் அதன்மேல் வரும் இகரக் குறியை இன்னொன்றாகவும் கொள்கிறது. நாமோ அ, ரி, யூ, ர் என நான்கெழுத்து என்போம். அவ்வாறு தமிழ் முறைப்படி எண்ணித் தர 'ஓப்பன்-தமிழ்' என்னும் நிரல் தொகுப்பு இருக்கிறது. ஆனால் அதை ஒரு பைத்தானில் நிறுவிவிட்டு எடிட்டரில் வேறொரு பைத்தானை இயக்கினால், 'அப்படியொரு தொகுப்பே இல்லை' என்று பிழை வரும். இருக்கிறது, அடுத்த வீட்டில் இருக்கிறது!

இனி, சரியானவரை அமர்த்துவது எப்படி?

முதலில், யார் பேசுகிறார் என்று கேளுங்கள். சிஸ் என்னும் தொகுப்பை இம்போர்ட் செய்து, பிரிண்ட்(சிஸ்.வெர்ஷன்) என்று இட்டால் பதிப்பு எண் தெரியும். பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்) என்று இட்டால் அது வட்டில் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். எடிட்டரின் உள்ளேயே இவற்றை இயக்க வேண்டும். வெளியே இயக்கினால் வேறொருவர் பதில் சொல்லக்கூடும்.

விஷுவல் ஸ்டுடியோ கோட் பயன்படுத்துவோர், பைத்தான் நீட்சியை நிறுவிய பின் ஒரு பைத்தான் கோப்பைத் திறந்தால், திரையின் அடியில் வலப்புறம் பதிப்பு எண் தெரியும். அதைச் சொடுக்கினால் பட்டியல் வரும். அல்லது கண்ட்ரோல், ஷிப்ட், பி விசைகளைச் சேர்த்து அழுத்தி, 'பைத்தான்: செலக்ட் இண்டர்பிரட்டர்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு அந்தக் கோப்புறைக்கே உரியது என்பதை மறவாதீர்கள். முன்பே திறந்திருந்த டெர்மினலில் பழையவரே இருக்கக்கூடும். ஆகையால் அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும்.

அக்காவின் மடிக்கணினியில் இருப்பது ஜீனி என்னும் சிறிய எடிட்டர். அதில் 'பில்ட்' பட்டியலில் 'செட் பில்ட் கமாண்ட்ஸ்' என்பதைத் திறந்தேன். இயக்கும் கட்டளையில் வெறுமனே 'பைத்தான்' என்றிருந்தது. அந்தப் பழைய லினக்ஸில் அப்பெயர் இரண்டாம் பதிப்பையே குறித்தது. அதன் பக்கத்தில் 3 என்னும் எண்ணைச் சேர்த்தேன். அவ்வளவுதான், 78.5 வந்துவிட்டது.

தொகுப்புகளை நிறுவும்போதும் வெறும் 'பிப்' என்று சொல்லாமல், 'பைத்தான்3 -எம் பிப் இன்ஸ்டால்' என்று தொடங்கினால், எந்தப் பைத்தானுக்கு என்பது ஐயமின்றி விளங்கும்.

பிழைச் செய்தி வந்தால் நாம் திருத்திக்கொள்வோம். பிழையே காட்டாமல் தவறான விடை தருவதுதான் பேராபத்து. அன்று அப்பா மனக்கணக்குப் போடாதிருந்தால், எங்கள் அரைக் கிலோவும் சித்தப்பாவின் அரைக் கிலோவும் ஏட்டில் காணாமற் போயிருக்கும். ஆகவே தோழியரே, செய்முறைத் தேர்வானாலும் வீட்டுக் கணக்கானாலும், முதல் வரி எழுதுமுன் 'மொழிபெயர்ப்பவர் யார்?' என்று கேளுங்கள். விடை வந்தபின் ஒருமுறை மனத்தாலும் கணக்கிட்டுப் பாருங்கள். கருவி நமக்கு உதவட்டும்; கவனம் நம்முடையதாக இருக்கட்டும்.