நாக்கின் மேல் ஒரு பாலம்

பூந்தி கொத்தமல்லித் தழையைக் கவ்வியது, இரண்டு முறை மென்றது, தலையைச் சற்றுச் சாய்த்துக் கீழே போட்டுவிட்டது. மறுபடி எடுத்தது. மறுபடி போட்டது. எங்கள் வீட்டுக் கினிப் பன்றிக்கு அன்று பசியில்லை என்று நினைத்துத் தட்டை எடுத்து வைத்துவிட்டோம். பசியில்லாத பிராணி தட்டின் பக்கமே வந்திருக்காது. இதுவோ தழையின் வாசனை எட்டியதும் கீச்சிட்டுக்கொண்டு ஓடி வந்தது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. அந்த வேறுபாடு எங்களுக்கு உறைக்க நான்கு நாள் ஆயிற்று. முந்தைய மாதம் 910 கிராம் இருந்த உடம்பு, நான்காம் நாள் சமையலறைத் தராசில் 790 காட்டியது. முதுகைத் தடவினால் எலும்பு தட்டுப்பட்டது.

அந்த நான்கு நாளை வேறு யாரும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கினிப் பன்றி பன்றியும் அல்ல, கினி நாட்டிலிருந்து வந்ததும் அல்ல. தமிழில் வழங்கும் சீமைப் பெருச்சாளி என்ற பெயரும் பொருந்தாது. கொறிக்கும் இனம் என்பதைத் தாண்டிப் பெருச்சாளிக்கும் இதற்கும் நெருக்கமில்லை. சொந்த மண் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. அங்குள்ள மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறைச்சிக்காக இதை வீட்டில் வளர்த்து வந்தார்கள். பெருவில் இன்றும் வளர்க்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே மடியில் வைத்துக் கொஞ்சும் பிராணியானது. எங்கே போனாலும் அது புல் தின்னும் பிராணிதான். நம் ஊர்க் கடைகளில் வாங்கும்போது ஒரு பொட்டலம் பெல்லட் தீவனமும் கையில் கொடுப்பார்கள்; புல்லைப் பற்றிச் சொல்வது அரிது. பூந்திக்கு வந்தது போன்ற பல் தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

அதன் வாய்க்குள் மொத்தம் 20 பற்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என முன்னால் நான்கு வெட்டுப்பற்கள். கோரைப்பல் கிடையாது, அந்த இடம் வெறும் ஈறு. அதைத் தாண்டி உள்ளே, வரிசைக்கு நான்காக 16 கடைவாய்ப் பற்கள். நம் கண்ணில் படுபவை நான்கு. உணவை அரைப்பவை பதினாறு. பால்பற்கள் தாயின் வயிற்றிலேயே வந்து போய்விடும். குட்டி திறந்த கண்ணோடும் நிலைப்பற்களோடும் பிறந்து, ஓரிரு நாளில் புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடும்.

இந்த 20 பற்களும் உயிருள்ளவரை வளர்ந்துகொண்டே இருக்கும். எலிக்கு வெட்டுப்பற்கள் மட்டும்தான் அப்படி. அதன் கடைவாய்ப் பற்கள் நம்முடையவை போல வேர்விட்டு நின்றுவிடும். கினிப் பன்றியையும் எலியையும் ஒன்றாக நினைப்பதால், கடிக்க ஒரு மரக்கட்டையைப் போட்டால் பல் தேய்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. கட்டை முன்பல்லைத் தேய்க்கும். கடைவாய்ப் பல் தேய வேண்டுமானால் அதற்கு அரைக்கும் வேலை கொடுக்க வேண்டும்.

மாடு அசைபோடும்போது தாடை பக்கவாட்டில் போகிறது. கினிப் பன்றியின் கீழ்த்தாடையோ பெரும்பாலும் முன்னும் பின்னுமாக நகர்கிறது, அம்மியில் குழவி ஓடுவது போல. புல் தோகையை விரலிடுக்கில் வைத்து இழுத்தால் அறுக்கிறதே, அதற்குக் காரணம் தோகைக்குள் இருக்கும் சிலிக்கா என்னும் மணல்சத்து. அந்தத் தோகையை நாளெல்லாம் அரைத்துக்கொண்டிருந்தால் வளர்ச்சியும் தேய்மானமும் சரிக்குச் சரியாகப் போகும். பெல்லட் வாயில் விழுந்ததும் நொறுங்கி மாவாகிவிடும். வயிறு நிறையும், பல்லுக்கு வேலை இருக்காது.

இன்னொரு சிக்கல், இந்தக் கடைவாய்ப் பற்கள் நேராக நிற்பவை அல்ல. மேல்வரிசை கன்னத்தை நோக்கியும் கீழ்வரிசை நாக்கை நோக்கியும் சாய்ந்திருக்கும். அரைக்கும் தளம் ஏறக்குறைய 30 பாகை சரிவானது. தேய்மானம் குறைந்தால் கீழ்ப்பற்கள் இருபுறமிருந்தும் உள்நோக்கி நீண்டு, நாக்குக்கு மேலே ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் பாலம் கட்டியது போல நாக்கை மூடி அமுக்கிவிடும். நாக்கை உயர்த்த முடியாவிட்டால் விழுங்க முடியாது. பூந்திக்கு மயக்கம் கொடுத்திருந்தபோது மருத்துவர் எங்களை அழைத்து, விளக்கு பொருத்திய சிறு குழாய் வழியாகப் பார்க்கச் சொன்னார். வெளிறிய ரோஜா நிற நாக்கு. அதன் குறுக்கே இருபுறத்திலிருந்தும் நீண்டு வந்த இரண்டு வெள்ளைக் கூர்கள். நடுவே ஓர் அரிசி நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. மேல்பல்லின் முனை கன்னத்தின் உட்புறத்தைக் குத்திப் புண்ணாக்கியிருந்தது. வெளியே தெரிந்த முன்பற்களில் ஒரு குறையும் இல்லை.

பல் வாய்ப்பக்கம் வளர இடமில்லாமல் அழுத்தம் ஏறினால், வேர்ப்பக்கமாக எலும்புக்குள்ளும் நீளும். அப்போது கீழ்த்தாடையின் அடியில் விரலை ஓட்டினால் சின்னச் சின்ன முண்டுகள் தட்டுப்படும். மேல்தாடையில் நடந்தால் கண்ணோரம் நீர் வடியும். சிலவற்றுக்குக் கண்ணே பிதுங்கும், சீழ் கட்டும்.

புல் போதாமை ஒரு காரணம். பிறவிக் கோணல், கீழே விழுந்து தாடையில் அடிபடுதல் ஆகியவையும் உண்டு. அடுத்த பெரிய காரணம் வைட்டமின் சி குறைவு. பெரும்பாலான பாலூட்டிகள் இதைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கும் கினிப் பன்றிக்கும் அதற்கான நொதி இல்லை. 1907இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரி நோயை ஆராயக் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். வந்தது பெரிபெரி அல்ல. மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி. முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் அது வராமல் தடுக்க முடிந்தது. வைட்டமின் சியைக் கண்டறிவதற்கான வழி அந்தக் கூண்டிலிருந்துதான் திறந்தது. பல்லைத் தாடையோடு பிணைத்திருக்கும் நார்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை; வைட்டமின் சி இல்லாமல் அது உறுதிப்படாது. பிடிமானம் தளர்ந்த பல் ஆடும், கோணும், எதிர்ப்பல்லோடு பொருந்தாமல் போகும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. நோயுற்றால் இன்னும் கூடுதலாக. குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லி, சிறிதளவு கொய்யா ஆகியவற்றில் இது கிடைக்கும். பெல்லட்டில் சேர்த்திருப்பார்கள்தான், ஆனால் பை மாதக்கணக்கில் கிடந்தால் அந்தச் சத்து அழிந்துவிடும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதும் வீண்; சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை மாறியதால் பிராணி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளவும் கூடும்.

புல் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெல் வைக்கோலை உலர்புல்லுக்கு மாற்றாக நினைத்துவிடக் கூடாது. கதிர் முற்றிச் சத்தெல்லாம் நெல்மணிக்குப் போனபின் மிஞ்சும் தண்டு அது. படுக்கையாகப் போட்டால் கண்ணில் குத்தும் ஆபத்தும் உண்டு. கடைகளில் டிமோத்தி ஹே என்று விற்கும் உலர்புல் நல்லது, விலைதான் கூடுதல். மருந்து தெளிக்காத இடத்து அருகம்புல்லும், மாட்டுக்கு வளர்க்கும் கினியாப் புல்லும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. (கினியாப் புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, பெயரில் மட்டும்தான் இரண்டுக்கும் சொந்தம்.) குதிரைமசாலை வளர்ந்த பிராணிக்கு அன்றாட உணவாக்க வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, சிறுநீர்க் கல்லுக்கு இடம் கொடுக்கும்.

கினிப் பன்றி இரையாகும் பிராணி. வலியைக் காட்டினால் முதலில் பிடிபடுவது தான்தான் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. அது முனகாது, சுருண்டு படுக்காது. உணவை எடுத்துப் போடுவது, கெட்டியானதை விட்டு மெதுவானதைத் தேடுவது, மோவாய் எச்சிலில் நனைந்திருப்பது, வெறும் வாயை மெல்வது, புழுக்கை சிறுத்துப்போவது எல்லாம் அடையாளங்கள். இவை வெளியே தெரிவதற்கு முன்பே எடை இறங்கத் தொடங்கியிருக்கும். அதனால் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரு கிண்ணத்தில் உட்காரவைத்து நிறுத்துக் குறித்து வையுங்கள். இருபது முப்பது கிராம் ஏறி இறங்குவது இயல்பு. 50 கிராம் இறங்கினால் தினமும் நிறுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

முதலில் நாங்கள் போன இடத்தில் முன்பல்லை மட்டும் பார்த்து, நீளமாக இல்லை, பல்லில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பலருக்கு இதற்கு நேர்மாறான அனுபவம் இருக்கும்: முன்பல் நீண்டிருக்கும், அதை நறுக்கிவிட்டுச் சரியாகிவிட்டது என்பார்கள். முன்பல் நீளுவதற்குப் பெரும்பாலும் கடைவாயே காரணம். பின்னால் வலிப்பதால் தாடை ஒழுங்காக மூடுவதில்லை, முன்பல் உரசாமல் வளர்கிறது. நகவெட்டி போன்ற கருவியால் நறுக்கினால் பல் நெடுக்காக விரிசல் விடும், அந்த வழியாகக் கிருமி வேருக்குப் போகும். வாய் திறப்பும் மிகச் சிறியது. கன்னச் சதை இருபுறமும் உள்ளே மடிந்து மறைக்கும். விழித்திருக்கும் பிராணியிடம் கடைவாயை முழுதாகப் பார்ப்பது கடினம். மயக்கம் கொடுத்து, தாடையை எக்ஸ்ரே எடுத்து, சுழலும் சிறு உரசுகருவியால் கூர்களைத் தேய்த்துச் சரிவைத் திருத்துவதே முறை. மயக்கத்துக்கு முன் நம்மைப் போல இரவு முழுதும் பட்டினி போட வேண்டியதில்லை. இதற்கு வாந்தி வராது; வெறும் வயிறுதான் ஆபத்து.

இந்த ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கினிப் பன்றியின் பெருங்குடல்வாயில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. உள்ளே புல் வருவது நின்றால் குடல் அசைவு நிற்கும், வாயு சேரும், உடம்பின் கொழுப்பு கரைந்து ஈரலில் படியும். ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. பல்லைத் திருத்தியபின்னும் வாய்ப்புண் ஆறி, தாடைத் தசை மறுபடி பழகும்வரை நாம்தான் ஊட்ட வேண்டும்.

புல் தின்னும் பிராணிகளுக்கென்று விற்கும் ஊட்டத்தூள் கிடைத்தால் நல்லது. கிடைக்காத நாட்களில் பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சிப் பதத்துக்கு மசித்துக்கொண்டோம். ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்ச் போதும், நுனியைச் சற்று வெட்டிவிட்டு ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்துவிட வேண்டும். துண்டில் சுற்றி, நாலு காலும் கீழே இருக்க, மடியில் உட்காரவையுங்கள். மல்லாத்திப் படுக்கவைத்தால் புரையேறும். முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே இருக்கும் அந்த வெறும் ஈறுதான் வாசல். பக்கவாட்டில் அங்கே நுழைத்து, ஒரு சொட்டு இரண்டு சொட்டாக, மென்று விழுங்கும்வரை காத்திருந்து கொடுக்க வேண்டும். தானாக எதுவுமே தின்னாத 800 கிராம் பிராணிக்கு நாளொன்றுக்கு 40 முதல் 65 மில்லி வரை தேவைப்படும். ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு வேளை என் பங்கு. முதல் நாள் தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் சிரிஞ்சைப் பார்த்ததும் முன்னங்காலை என் விரல்மேல் வைத்தது. ஊட்டியபின் மோவாயைத் துடைத்து உலர்த்த மறக்கக் கூடாது, ஈரம் நின்றால் தோல் புண்ணாகும்.

வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நிறுத்தாமல் கொடுங்கள். வலி இருந்தால் மெல்லாது. ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நாம் சாதாரணமாக விழுங்கும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகைகளும் கிளிண்டமைசினும் வாய்வழியாகக் கொடுத்தால் இதன் குடல் நுண்ணுயிர்களை அழித்து, நச்சுக் கிருமி பெருக வழிவிட்டுக் கொன்றுவிடும். 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி பென்சிலினைச் சோதித்தது எட்டுச் சுண்டெலிகளில். கினிப் பன்றியில் சோதித்திருந்தால் அந்த மருந்தை நஞ்சு என்று ஒதுக்கியிருக்கக் கூடும். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போக நேர்ந்தால், மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஒருமுறை சரிவு மாறிய பல் பெரும்பாலும் மறுபடியும் மாறும். பூந்திக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை தேய்ப்பு நடக்கிறது. சிலவற்றுக்கு இடைவெளி நீளும், சிலவற்றுக்கு வாழ்நாள் முழுதும் தொடரும். கோடையில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறோம்; 30 டிகிரியைத் தாண்டினால் இதன் உடம்பு தாங்காது.

முதல் தேய்ப்புக்குப் பிறகு தட்டில் வைத்தது எல்லாம் மெல்லிய நீளத் துண்டுகள்: தீக்குச்சி கனத்தில் கேரட், நரம்பு நீக்கிய கோஸ் இலை, நுனி அருகம்புல். ஒன்பதாம் நாள் இரவு சிரிஞ்சோடு போனபோது கூண்டின் மூலையிலிருந்து சரக் சரக்கென்று சத்தம் வந்தது. டார்ச்சை அடிக்காமல் நின்று கேட்டேன். நீளமான ஓர் உலர்புல் தாள் அதன் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் தராசு 835 காட்டியது.