சிறுமியும் நாயகியும்

2011 தீபாவளிக்கு வெளியான 'வேலாயுதம்' படத்தை விஜய்க்காகப் பார்க்கச் சென்ற, மலேசியாவின் பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டப்புற ரசிகர்களில் பலர், அதில் நாயகியருள் ஒருவராகத் தோன்றிய ஹன்சிகா மோட்வானியைத் திரைக்குப் புதியவர் என்றே எண்ணியிருக்கக்கூடும். இருபது வயதே நிரம்பியிருந்த அவருக்கோ அப்போது நடிப்புத் தொழிலில் ஏறக்குறையப் பத்தாண்டு அனுபவம் இருந்தது.

வரைந்ததெல்லாம் மெய்ப்பொருளாகிவிடும் மந்திரப் பென்சில் ஒரு பையனிடம் கிடைப்பதாகக் கற்பனை செய்த 'ஷக்கா லக்கா பூம் பூம்' என்னும் இந்தித் தொலைக்காட்சித் தொடரில், கருணா என்ற சிறுமியாக வந்து வட இந்தியக் குழந்தைகளின் அபிமானத்தைப் பெற்றவர் அவர். 2003 இல் ராகேஷ் ரோஷன் இயக்கிய 'கோயி மில் கயா'வில், ஹிருத்திக் ரோஷனைச் சூழ்ந்து நின்ற சிறார் கூட்டத்திலும் இருந்தார்.

அதற்கு நான்கே ஆண்டுகளில், 2007 ஜனவரியில், பூரி ஜெகந்நாத்தின் 'தேசமுதுரு' என்னும் தெலுங்குப் படத்தில் அல்லு அர்ஜுனுக்கு ஜோடியாக நிறுத்தப்பட்டார். 1991 ஆகஸ்டில் பிறந்தவருக்கு அன்று வயது பதினைந்து. சிறந்த புதுமுக நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருடைய திறமைக்குக் கிடைத்த நியாயமான மரியாதையே. ஆயினும், நேற்றுவரை குழந்தையென்று ஜனங்கள் கொஞ்சிய ஒரு பெண்ணை, வளர்பருவம் என்று ஒன்று இருப்பதையே கருதாமல், காதற்காட்சிகளின் நடுவே கொண்டு நிறுத்திய படவுலகின் அவசரம் என் மனத்தை வருத்துகிறது.

தமிழில் 'மாப்பிள்ளை', 'எங்கேயும் காதல்' ஆகியவையும் 2011 இலேயே வந்தன. உதயநிதி ஸ்டாலின் நாயகனாக அறிமுகமான 'ஒரு கல் ஒரு கண்ணாடி' மறு ஆண்டு பெருவெற்றி பெற்று, ஹன்சிகாவின் ஸ்தானத்தை உறுதியாக்கியது. 2022 இல் வெளியான 'மகா' அவருடைய ஐம்பதாவது படம்.

ஹன்சிகாவைப் போலச் சிறுவயதிலேயே நடிக்க வருவோரைக் காக்க இந்திய அரசு 2017 இல் விதிகள் வகுத்தது: நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி நடிக்க வைக்கலாகாது, பள்ளிப் படிப்பு தடைப்படலாகாது, வருமானத்தில் குறைந்தது இருபது சதவீதத்தைக் குழந்தையின் பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடவேண்டும். சாப்ளினுடன் நடித்த சிறுவன் ஜாக்கி கூகனின் சம்பாத்தியம் தாயாலும் மாற்றாந்தந்தையாலும் கரைக்கப்பட்டதைக் கண்டு, கலிபோர்னியா மாநிலம் 1939 இலேயே இத்தகைய சட்டம் இயற்றிவிட்டது. இந்திய விதிகள் தாமதமாகவேனும் வந்தன என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அவ்விதிகள் குழந்தை என்று கொள்வது பதினான்கு வயதுக்கு உட்பட்டவரையே ஆதலால், பதினைந்தில் நாயகி வேடம் பூணும் பெண்ணுக்கு அந்த ஐந்து மணி நேர வரம்பும் இல்லை, அந்த இருபது சதவீதமும் இல்லை.