நரம்பு ஊசியின் கணக்கு

மண்டைக்காட்டில் தலைவலி என்றால் பகவதி அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்வார்கள். கை வழங்காமல் போனால் என்ன நேர்வது என்று தெரியவில்லை. மாசிக் கொடைக்கு வந்த சித்தப்பா, தொழுதுவிட்டு வெளியே வந்து சட்டையை மாட்டியவர், பித்தான் போட முடியாமல் நின்றார். வெறும் தோளில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோலச் சதை துடித்ததை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். வலது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. வலி இல்லை, மரமரப்பும் இல்லை.

"நரம்புத் தளர்ச்சியாக்கும் அண்ணாச்சி, பத்து ஊசி போட்டா மாறும்" என்றார் மெடிக்கல்காரர். பத்தும் போட்டாயிற்று. ஆனி பிறந்தபோது குழி இன்னும் ஆழமாகியிருந்தது. நரம்பியல் மருத்துவர் தசைக்குள் ஊசி செருகி மின் துடிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்ன பெயர் ஏஎல்எஸ்.

தசையை அசைக்கச் சொல்லும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் இது. கட்டளை வராத தசை வற்றுகிறது. தொடு உணர்வு நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடுவதால்தான் மரத்துப்போவதில்லை.

1995-இல் அமெரிக்கா அனுமதித்த ரிலுசோல்தான் இன்றும் முதல் மாத்திரை. நரம்பணுவை அளவுக்கு மீறித் தூண்டிக் கொல்லும் குளுட்டமேட்டை அது அடக்குகிறது. ஆய்வுகளில் அது கூட்டிக் கொடுத்த ஆயுள் சராசரியாக இரண்டு மூன்று மாதம். பக்கவாதத்துக்காக ஜப்பானில் பிறந்த எடரவோன் 2015-இல் அங்கேயே இதற்கும் வந்தது. அப்போது அதைச் சொட்டு சொட்டாகத்தான் ஏற்ற வேண்டியிருந்தது, பலனும் சிலருக்கே. 2022-இல் அமெரிக்காவில் ஆரவாரத்தோடு வந்த ரெலிவ்ரியோ, பெரிய ஆய்வில் தோற்று 2024-இல் கடையைக் கட்டியது.

வேடிக்கை என்னவென்றால், சித்தப்பாவுக்குப் போட்ட அதே மீத்தைல்கோபாலமினை, அதாவது பி12-ஐ, ஜப்பான் 2024 செப்டம்பரில் ஏஎல்எஸ் மருந்தாக அங்கீகரித்தது. அப்படியானால் மெடிக்கல்காரர் சொன்னது சரியா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்கே ஓர் ஊசி மருந்தில் இருப்பது வழக்கமாக 500 முதல் 1500 மைக்ரோகிராம். ஜப்பானில் ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம், வாரம் இரண்டு முறை. 1500 ஊசியை வைத்துப் பார்த்தாலும் ஒரு தடவைக்கு 33 ஊசிக்கு மேல் வேண்டும்! 130 பேரை வைத்து 16 வாரம் நடந்த அந்த ஆய்வில் சேர்த்ததும் நோய் தொடங்கி ஓராண்டுக்குள் வந்தவர்களைத்தான். நோய் நிற்கவில்லை, சரிவு மெதுவானது. பத்து ஊசிக்குள் நாங்கள் தொலைத்தது அந்த ஓராண்டில் நாலு மாதத்தை.

வைட்டமின் கதை இன்னொன்றும் உண்டு, அது நம் பக்கத்துக் கதை. 1970-இல் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் சென்னையில் தாங்கள் பார்த்த இளம் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கை கால் சூம்புவது, விழுங்கச் சிரமம், பலருக்குக் காதும் மந்தம். ஆனால் நோய் ஆமை வேகத்தில் நகர, பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் தென்னிந்தியாவில் காணப்படும் இதற்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே உலகப் பெயர். ஊர் பெயர் மாறியும் நோயின் பெயர் மாறவில்லை. இதேபோலக் காதையும் தொண்டையையும் பிடிக்கும் பிரௌன்-வியாலெட்டோ-வான் லேரே என்ற அரிய நோய்க்கு, உடம்புக்குள் பி2-ஐக் கொண்டுசேர்க்கும் மரபணுவில் கோளாறு என்று 2010-இல் தெரியவந்தது. பி2-ஐ, ரைபோஃப்ளேவினை, பெரிய அளவில் கொடுத்ததும் தேறிய குழந்தைகள் உண்டு. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் காது மந்தத்தோடு சூம்பி வரும் பிள்ளையைப் பார்த்தால் மருத்துவருக்கு இந்த நினைவு வர வேண்டும்.

2023-இல் அமெரிக்கா அனுமதித்த டோஃபர்சென் போகும் வழியும் மரபணுதான். சாட்1 என்ற மரபணு பழுதான புரதத்துக்கு அனுப்பும் செய்தியை அது நடுவழியில் அழிக்கிறது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் செலுத்த வேண்டும். ஏஎல்எஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் அந்தப் பழுது.

சித்தப்பாவின் ரத்தம் மரபணுச் சோதனைக்குப் போயிருக்கிறது. காலைக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே ரிலுசோல். ஈரல் சோதனையும் அவ்வப்போது. சட்டைப் பித்தான்களை வெட்டியெடுத்துவிட்டுச் சித்தி அந்த இடத்தில் ஒட்டுப்பட்டை தைத்திருக்கிறார்.