உப்பா, டிரைவரா?

நாகூரைத் தாண்டி வடக்கே வந்தால் கீழவாஞ்சூர். காரைக்கால் துறைமுகம் இருக்கிற ஊர். நாகூர் வரை தமிழ்நாடு, கீழவாஞ்சூரிலிருந்து புதுச்சேரி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டு அரசின் இலவச லேப்டாப் எல்லையோடு நின்றுவிடும் என்பது விதி. ஆனால் பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரு பக்கமும்தானே? நாகூரில் அக்கா மகன் படித்து முடித்ததும், அவன் லேப்டாப் இங்கே சித்தி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அக்காலத்து லேப்டாப்புக்கு இன்று விண்டோஸ் 10 ஏற்றினால் வருகிற புகார்கள் தெரிந்தவைதான்: வைஃபை வராது, திரையில் எழுத்து இழுத்துக்கொண்டு நிற்கும். "நெட்டே காட்ட மாட்டேங்குது தம்பி" என்று கடையில் கொடுத்தால், "போர்டு போயிருக்கும்க்கா, புதுசு வாங்கிடுங்க" என்பார்கள். பல நேரம் போர்டு போயிருக்காது. பழைய வைஃபை கார்டுக்குப் புது விண்டோஸில் டிரைவர் இருக்காது, அவ்வளவுதான்.

ஆனால் கடலோரத்தில் இன்னொரு சந்தேகமும் உண்டு: உப்புக்காற்று. இரண்டையும் பிரித்தறிய டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு நெட்வொர்க் பாகம் ஏதாவது தெரிந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் டிரைவர்தான் இல்லை. அடியோடு காணவில்லை என்றால், பக்கவாட்டில் வைஃபை சுவிட்ச் இருந்தால் அதை முதலில் தள்ளிப் பாருங்கள். (இது பலருக்கு மறந்தே போச்சு.) பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறந்தால், கார்டின் பொன்னிறக் கால்களில் பச்சைப் பூப்பு தெரியலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள்.

டிரைவர்தான் சிக்கல் என்றால் அந்தப் பாகத்தின் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். 1978-ல் வந்த தன் புகழ்பெற்ற சிப்பின் பெயரையே அந்த நிறுவனம் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது. அந்த ஐடியைக் கொண்டு லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலேயே தேடுங்கள். விண்டோஸ் 7-க்கான டிரைவர் சில சமயம் 10-லும் ஓடிவிடும். 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று கூவுகிற மென்பொருள் பக்கம் மட்டும் போகாதீர்கள். வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது? செல்போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் போதும்.

என்னைக் கேட்டால் லினக்ஸே மேல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 2023-ல் வந்த டெபியன் 12 லினக்ஸ், பல வைஃபை கார்டுகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரிலேயே வைத்திருக்கிறது. சில பிராட்காம் கார்டுகளுக்குத்தான் தனியாக இறக்க வேண்டும். 32 பிட் மட்டுமே தாங்கும் லேப்டாப்புக்கு டெபியன் 13 ஆகாது, 12-ஐயே போடுங்கள்.

எதைப் போடுவதானாலும், ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் முன் பழைய டிரைவர்களை ஒரு பென்டிரைவில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்கிற கடையில் கொடுக்காதீர்கள்.